தாண்டிய வரி

மறுபடியும் அதே பதில்: அனுமதி மறுக்கப்பட்டது. கறுப்புத் திரையில் இரண்டே ஆங்கிலச் சொற்கள் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சந்நிதி வாயிலில் விரல் உயர்த்தி நிற்கும் துவாரபாலகருக்குக்கூட இவ்வளவு அலட்சியம் இராது. உள்ளே ஒருவன் இருக்கிறான் என்றாவது அவர் காட்டுவார். இதற்குள் எதிரே சிரிப்புச் சத்தம். என் மனைவி ஆவுடையின் தமையனார் பொன்னம்பலம், பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணற்ற முகத்தைக் கூரைக்கு உயர்த்திச் சிரிக்கிறார். அவர் மடியில் பிரெயில் பட்டை கிடக்கிறது. இந்தக் கணினித் திரையில் தோன்றும் வரி எதுவாயினும் அது அந்தப் பட்டையில் புள்ளிகளாக எழுந்து அவர் விரல் நுனியைத் தொடுகிறது. நான் தட்டச்சிடுவதும் தொடுகிறது, பிழைவிடுவதும் தொடுகிறது, பிழையை அழிப்பதும் தொடுகிறது. ஆகையால் என் தோல்வி எனக்குத் தெரிவதற்கும் அவருக்குத் தெரிவதற்கும் இடையே இமைப்பொழுதும் இல்லை. "மறுத்துட்டான் போலிருக்கே மாப்பிள்ளை" என்கிறார். என் இடக்கையில் தீப்பெட்டியளவுள்ள ஒரு வெள்ளைக் கருவி இருக்கிறது, அதிலிருந்து ஒரு வடம் கணினிக்குப் போகிறது, இரவு முழுவதும் ஆவுடையின் விரலைக் கவ்விக்கொண்டிருந்த அதற்குள் நேற்றைய இரவு இருக்கிறது: அவள் இரத்தத்தில் எப்போது எவ்வளவு பிராணவாயு, நாடி எப்படித் துடித்தது, எல்லாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இரவல் கொடுத்தது. மதியத்துக்குள் திருப்பிவிட வேண்டும், திருப்பினால் உள்ளேயிருப்பதை அழித்து வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். உடன் வந்த குறுந்தகடு வேறு வகைக் கணினிக்கானது, இந்த வீட்டில் எதற்கும் உதவாது. இந்த வீட்டில் இருக்கும் ஒரே கணினி லினக்ஸ் கணினி, பார்வையற்றோர் சங்கம் ஒன்று பொன்னம்பலத்துக்குக் கொடுத்தது, என் மேசையில் என் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு அவருக்கு ஊழியம் செய்வது. ஒரு காலத்தில் இந்த மேசைமேல் என் நூல்கள் இருந்தன.

இன்று இந்தக் கருவி பேசியாக வேண்டும். ஏனென்றால் பொன்னம்பலம் சொல் கொடுத்திருக்கிறார். மருத்துவர், "உங்கள் வீட்டம்மாவுக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது, இரவில் எப்போது எவ்வளவு குறைகிறதென்று பார்க்க வேண்டும்" என்று சொன்ன அன்று மாலை, நான் கேட்டுவிட்டேன், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்: விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கண்டம் கிழியப் பாடினால், அடுத்த அறையில் படுத்திருக்கும் நோயாளியின் மூச்சு என்ன ஆகும் என்று. பொன்னம்பலம் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு சொன்னார்: "என் குரலால அவளுக்கு மூச்சுக் குறையுதுன்னு அந்தக் கருவி சொல்லட்டும். அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு ராஜபாளையத்துல சின்னவ வீட்டுக்குப் போயிருதேன். சொல்லலேன்னா நீரு அப்புறம் என் வாசிப்பைப் பத்தி வாயே தொறக்கப்படாது." ஆவுடை நடுவில் நின்றுகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று பேருக்கும் தெரியும் இது என்ன வழக்கென்று. தீர்ப்பு என் கைக்குள் இருக்கிறது. ஆனால் கைக்குள் இருப்பதற்கு வாய் இல்லை. முப்பது ஆண்டுகள் தந்தி அலுவலகத்தின் தொலையச்சு அறையில் கழித்தவன் நான். இந்தக் கருவி பேசுவது சீரியல் முறையில், அது என்னவென்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை: ஒரே கம்பி, அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் துடிப்புகள், உருத்திராக்க மணிகளை விரல் ஒவ்வொன்றாகத் தள்ளுவது போல, இருபுறமும் ஒரே வேகத்தில் தள்ளினால் செபம், வேகம் மாறினால் உளறல். அவ்வளவுதான் அந்த வித்தை. அந்த வித்தையை அறிந்தவனை வாயிலிலேயே நிறுத்துகிறது இந்தப் பெட்டி. காரணமும் தெரியும், கணினிக்கு நான் அந்நியன். சீரியல் போர்ட்டை, அந்தக் கம்பி நுழையும் வாயிலை, தொடும் உரிமை உள்ளவர்களின் கூட்டத்தில் என் பெயர் இல்லை. சேர்க்கக்கூடியவர் இதன் உடையவர் ஒருவரே. அவருடைய கடவுச்சொல் வேண்டும். கேட்க வேண்டும். இவரிடம்.

கேட்டேன். "சொல்ல மாட்டேன், நானே அடிக்கேன்" என்று எழுந்து, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு வந்து, விசைப்பலகையில் விரல் வைத்து, வைத்தபடியே, "அந்தப் பக்கம் திரும்பும்" என்றார். கண் தெரியாதவர் கண் தெரிந்தவனைத் திரும்பச் சொல்கிறார். திரும்பினேன், என்ன செய்வது. சுவரில் திருநீற்று மடல் தொங்குகிறது, அதற்கு மேலே பல்லி. முதுகுக்குப் பின்னால் விசைகள் கடகடவென்று ஓடின, என்னைவிட வேகமாக. நெடிய கடவுச்சொல். ஏதோ ஒரு தலத்தின் பெயராகத்தான் இருக்கும், அந்தத் தலத்துக்கு இவரைக் கைப்பிடித்து அழைத்துப்போனவன் நானாகத்தான் இருப்பேன். ஆம், அதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வயதில் கண்ணழுத்த நோய் இவர் பார்வையை விளிம்பிலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டு வந்தபோது, கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் கரும்பலகையில் எழுதியதன்மேலேயே மறுபடி எழுதினார் என்று மாணவர்கள் சிரித்தபோது, வேலையை விட்டு இந்த வீட்டுக்கு வந்தபோது, இவருக்குத் திருமுறை வாசித்தது யார்? அலுவலகம் முடிந்து வந்து, காப்பி குடித்த வாய் உலராமல், நாள்தோறும் ஒரு பதிகம், பத்துப் பதினொரு பாடல், எதிரே அமர்ந்து வாசித்தேன். "படியும் மாப்பிள்ளை" என்பார். படிப்பேன். சீர் பிரிப்பதில் தவறினால் கையை உயர்த்துவார். ஒரு வரி தாண்டினால், நான் தாண்டியது எனக்கே தெரியாதபோது, "ஒரு வரியைத் தாண்டிட்டீரு" என்பார். எப்படித் தெரியும் அவருக்கு? பாடல் தெரிந்ததனால் அன்று. தெரியாத பாடலிலும் சொல்வார். என் மூச்சில் தெரியுமாம். அப்படி ஆண்டுகள். பிறகு சங்கத்தார் வந்தார்கள், இந்தப் பட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஐம்பது கடந்த வயதில் ஆறு புள்ளிகளைக் கற்றார். முதல் பாடலை விரலால் வாசித்த அன்று அவர் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன், ஆவுடை அழுதாள், நானும் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் மாலை நூலை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தபோது, "இனி உமக்குச் சிரமம் வேண்டாம்" என்றார். சிரமம். அந்தச் சொல்லை நான் எங்கே வைப்பது? அன்று முதல் இந்த வீட்டில் ஒரு குரல்தான் உண்டு. என் பூசை மௌனத்தில் நடக்கிறது. உள்ளே வாசிப்பதே உயர்ந்தது, ஓசை புறம், அன்பு அகம் என்று நானே எனக்கு நிலைநாட்டிக்கொண்டேன், அது உண்மையும்கூட, ஆனால் உண்மை என்பதற்காக அதை நிலைநாட்டினேனா என்று சுவரில் இருக்கும் அந்தப் பல்லி கேட்டால் என்ன சொல்வேன்.

"முடிஞ்சுது. இப்பப் பாரும்." நாற்காலிக்குத் திரும்பி மறுபடி பட்டையில் விரல் வைத்துக்கொண்டார். இப்போது போர்ட்டைத் தொட எனக்கும் உரிமை உண்டு. வடத்தைப் பிடுங்கி மறுபடி செருகினேன். திரையில், கணினி தன் குறிப்பை எழுதுகிறது: புதிய கருவி வந்தது, அதற்கு இன்ன பெயர் தந்தேன். வந்தது! அடுத்த வரி: அந்தப் பெயர் நீங்கியது. பெயர் நீங்கியது என்றால்? தேடினேன், இல்லை. பிடுங்கினேன், செருகினேன். வந்தது. நீங்கியது. ஒரு நொடிக்குள் தோன்றி, நான் கைநீட்டுவதற்குள் ஒளிந்துகொள்கிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே என்று எத்தனை முறை எழுதிப் படித்திருக்கிறேன். மறைக்கப்பட்டவனுக்கு அது அருளென்று அந்த நொடியில் தெரியுமா என்பதை எந்த உரையிலும் கண்டதில்லை. நெற்றி வியர்த்தது. மின்விசிறி மேலே தளர்ந்து சுழல்கிறது. அடுக்களையில் தேங்காய் துருவும் ஓசை, அதற்கு நடுவே நின்று நின்று வரும் ஆவுடையின் மூச்சு, இப்போதெல்லாம் நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் எதையும் செய்கிறேன். துருவல் நின்றால் என் கை நிற்கிறது, துருவல் தொடர்ந்தால் கை தொடர்கிறது. இரவில் அவள் குறட்டை நடுவில் அறுந்து ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நான் உட்கார்ந்திருப்பேன், எழுப்பலாமா கூடாதா என்று, எழுப்பக் கை நீட்டுவேன், அதற்குள் மூச்சு ஒரு கேவலோடு திரும்பும், கையை இழுத்துக்கொள்வேன். பிறகு எப்போதோ என்னை மீறி உறங்கிவிடுவேன். உறங்கியபின் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதுதான் இந்தக் கருவிக்குள் இருக்கிறது.

"குறிப்பை இன்னும் கொஞ்சம் மேல தள்ளும்" என்றார் பொன்னம்பலம். குரலில் சிரிப்பு இல்லை. தள்ளினேன். தோன்றியதற்கும் நீங்கியதற்கும் இடையில் ஒரு வரி இருக்கிறது, அவசரத்தில் நான் பார்க்காதது: இன்ன நிரல் அந்தக் கருவியைத் தனக்கென்று பற்றிக்கொண்டது. நிரலின் பெயரை நான் வாசித்தேன். அவர் விரலும் அதே கணத்தில் வாசித்திருக்க வேண்டும். எதிரே விரல்கள் நின்றுவிட்டன. அது இவருடைய பிரெயில் நிரல். இவர் பட்டைக்குப் புள்ளிகளை அனுப்பும் அதே நிரல். கருவியின் வடத்துக்குள் இருக்கும் சிறு சில்லும், சிலவகைப் பிரெயில் பட்டைகளுக்குள் இருக்கும் சில்லும் ஒரே எண்ணைத் தாங்கி வருகின்றன போலும். அந்த எண்ணோடு எது வந்தாலும், கண்ணற்றவன் ஒருவனுக்கு வாசிக்கத்தான் வந்திருக்கிறது என்று நம்பி, பாய்ந்து பிடித்துக்கொள்கிறது இந்த நிரல். ஆவுடையின் மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீ எழுத்தா, நீ எழுத்தா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குச் சினம் பொங்கியது, ஒரு நிரலின்மேல் கொள்ளத்தக்க சினம் அன்று. என் மேசை, என் மாலைப்பொழுதுகள், என் மனைவியின் அதிகாலைகள், இப்போது ஒரு வடமும்கூட. வருவதெல்லாம் தனக்கே என்று கைநீட்டுவதற்கு நிரல்கூடக் கற்றுக்கொண்டுவிட்டது. இதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "எடுத்தது நம்ம ஆளுதான் மாப்பிள்ளை. அவனை நிறுத்தினாத்தான் உம்ம ஆளு பேசுவான்."

நிறுத்தினால் அவருக்கு என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். விடியற்காலைப் பாட்டு போக, இப்போது பகலில் அவர் திருமுறை முற்றோதலும் செய்துகொண்டிருக்கிறார். முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாறாமல், நூலைப் பார்த்தே வாசிக்க வேண்டும், நினைவிலிருந்து சொல்வது கணக்காகாது என்பது அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விதி. பதிகத்தின் நடுவில் நிறுத்துவதில்லை, காய்ச்சலிலும் நிறுத்தியதில்லை. இன்று காலை அப்படி ஒரு பதிகத்தின் நடுவில்தான், மருத்துவர் கிளம்பிவிடுவார் என்று சொல்லி, இந்தக் கணினியை நான் வாங்கினேன். வாங்கினேன் என்பது நயமான சொல். அவர் விட்ட இடத்தை அந்த நிரல் குறித்து வைத்திருந்தது, விரல்களைப் பட்டையின் மேலேயே வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார் அவர். அதனால்தான் கடவுச்சொல்லை அடித்த உடனே நாற்காலிக்குத் திரும்பினார், அதனால்தான் எதிரே உட்கார்ந்து என்னை வாசித்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் படுகிறது. "பதிகம் முடியல்லையே" என்றேன். ஏன் சொன்னேன்? சொல்லாமல் நிறுத்தியிருக்கலாம். "முடியல்லதான். உமக்கென்ன அதப்பத்தி? நீரு என்னை ஊரைவிட்டு அனுப்புத அவசரத்துல இருக்கீரு, அந்த வேலையைப் பாரும்" என்றார். பிறகு, "நானே நிறுத்துதேன். அப்புறம், இவன்தான் நிறுத்தினான்னு நாளைக்கு ஒரு பேச்சு வேண்டாம்" என்று மறுபடி எழுந்து வந்தார். இம்முறை என்னைத் திரும்பச் சொல்லவில்லை. கட்டளையை அடித்தார், பெருவிரலால் நுழைவு விசையைத் தேடி அமுக்கினார். நாற்காலியின்மேல் விட்டுவந்த பட்டையிலிருந்து ஒரு சிறு கலகலப்பு எழுந்து அடங்கியது. அத்தனை புள்ளிகளும் ஒருங்கே தாழ்ந்தன. அரிசியைத் தரையில் கொட்டினால் கடைசி மணி உருளும் ஓசை. அவர் போய் அமர்ந்து பட்டையைத் தடவினார். வழவழப்பு. தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது நான் தனியாக இருக்கிறேன். இந்தத் திரையில் எழுதப்படுவதை இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. விடுதலையென்று இதற்குத்தான் பெயர் போலும், ஆனால் முதுகு சில்லிடுகிறது. வடத்தைச் செருகினேன். வந்தது. காத்திருந்தேன். நீங்கவில்லை. நின்றது. வேகத்தைக் குறித்து, கதவைத் திறந்து, கேட்டேன். குப்பையாய்க் கொட்டியது, எழுத்தல்லாத எழுத்து, தலைகீழ்க் கேள்விக்குறிகள், பேய்பிடித்தவள் பேச்சு. வேகம் பொருந்தவில்லை, இதற்கெல்லாம் அஞ்சுகிறவனா நான். தொலையச்சு அறையில் இரைச்சலைக் கேட்டே எந்த ஊர் வரிசை பிசகியிருக்கிறதென்று சொன்னவன். வேகத்தை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். சட்டென்று தெளிந்தது. எண்கள். நிமிடத்துக்கு ஒரு வரி, நேரம், பிராணவாயு, நாடி. நேற்றைய இரவு கீழிருந்து மேலாக ஏறத் தொடங்கியது, நிதானமாக, நான் உறங்கிவிட்ட இரவு. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தெட்டு. எண்பத்தொன்று. அது எந்தப் பள்ளம், நான் விளிம்பில் உட்கார்ந்திருந்த பள்ளமா, அல்லது நான் உறங்கியபின் விழுந்ததா. மறுபடி தொண்ணூறு. மறுபடி எண்பது. இப்படி ஏறியும் இறங்கியும், நாடி ஓடியும் தடுமாறியும், ஒரு கிழவி இருட்டில் படியேறுவது போல வந்துகொண்டிருக்கிறது. மூன்று மணியிலிருந்து இறக்கமே. எழுபத்தொன்பது, எண்பது, எழுபத்தெட்டு. என் கண் நாலு மணிக்குத் தாவியது. நாலு மணி, அவர் தொடங்கும் வேளை. எழுபத்தெட்டு. இதோ. நாலு ஒன்று, எழுபத்தொன்பது. நாலு இரண்டு, எண்பது. நாலு மூன்று, எண்பத்தொன்று. நாலு நாலு, தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று மூன்றா? நாலு ஐந்து, தொண்ணூற்று ஐந்து. அதன்பின் தொண்ணூற்று ஐந்து, தொண்ணூற்று ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து மணிவரை, அவர் முடிக்கும்வரை, நாடி அறுபத்தாறில், நிலைவிளக்கின் சுடர் போல அசையாமல். முழு இரவிலும் அவள் நன்றாக மூச்சுவிட்டது அந்த ஒரு மணி நேரந்தான்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றியது: விழித்திருக்கிறாள். உறக்கத்தில்தான் மூச்சு தடைப்படும், விழித்தவர்க்குத் தடை இல்லை. நாள்தோறும் அவர் குரல் எழுந்ததும் இவள் விழித்துக்கொள்கிறாள், விழித்து, என்னருகில், கண்மூடி, அசையாமல் கிடந்து, கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் உறங்குகிறேன் என்று அவள் நினைத்தாளா? நான் சில நாள் விழித்திருந்தேனே, போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, பாவம் இவள் உறக்கம் கெடுகிறதே என்று அவளுக்காகச் சினந்துகொண்டு, அவளும் விழித்திருந்தாள், இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உறங்குவதாக நடித்துக்கொண்டு, ஒருத்தி கேட்டுக்கொண்டும் ஒருவன் வெறுத்துக்கொண்டும். சொல்லவே இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாக உடன் வாழ்ந்தவள் ஒரு நாளும் சொல்லவில்லை. அப்படியானால் இது எனக்கு வெற்றிதானே? அவர் இவளை எழுப்புகிறார், அதற்குச் சான்று இதோ. அது மெய். எழுப்பாவிட்டால் இன்னும் கீழே போயிருக்கும். அதுவும் மெய். இரண்டில் எந்த மெய்யைச் சொல்வது? எதையும் சொல்லலாம். பட்டை வழவழவென்று கிடக்கிறது. நாலு மணிக்கு எழுபத்தெட்டு என்று சொல்லி நிறுத்தினால் போதும். அது பொய்கூட அன்று. பெட்டி கட்டுவார், சொன்ன சொல் காப்பவர், அதில் குறையில்லை. நாளை விடியற்காலை இந்தக் கூடம் மௌனமாக இருக்கும். நான் மேசையில் என் நூல்களை வைப்பேன். அடுத்த அறையில் எழுபத்தெட்டு. எழுபத்தேழு. மருத்துவர் ஏதோ முகமூடிக் கருவி கொடுப்பார் என்கிறார்கள், கொடுக்கட்டும், கொடுக்கும்வரை? துருவல் நின்றிருக்கிறது. ஏன் நின்றது? இல்லை, தொடர்கிறது.

"வந்துட்டுதா?" என்றார். வந்தது என்றேன். "என்ன சொல்லுது?" அவர் பட்டையைத் தூக்கி அருகிலிருந்த முக்காலியில் வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்; தலை சற்றே சாய்ந்தது, வலச்செவி என் பக்கம். அந்தச் சாய்வை நான் மறந்துவிட்டிருந்தேன். "படியும் மாப்பிள்ளை" என்றார்.

படித்தேன். மூன்று மணியிலிருந்து தொடங்கினேன், ஏன் அங்கிருந்து என்று கேட்கவில்லை அவர். நேரம், பிராணவாயு, நாடி; நேரம், பிராணவாயு, நாடி. என் குரல் எனக்கே அந்நியமாகக் கரகரத்து எழுந்து, நாலைந்து வரியில் தன் பழைய தடத்தைக் கண்டுகொண்டது, எண்களுக்கு ஒரு நடை வந்துவிட்டது, அதை நான் வேண்டவில்லை. நாலு மணியில் நிறுத்துவேன் என்றுதான் எண்ணியிருந்தேன். நாலு மணி, எழுபத்தெட்டு. நிறுத்தவில்லை. நாலு ஒன்று. நாலு இரண்டு. நாலு மூன்று, எண்பத்தொன்று. நாலு ஐந்து, என்றேன், கை உயர்ந்தது. எதிரே அந்த வலக்கை, ஐந்து விரலும் விரிந்து, உயர்ந்து நின்றது.

"ஒரு வரியைத் தாண்டிட்டீரு."

"இல்லையே."

"நாலு மூணுக்குப் பின்னால நாலு அஞ்சு எப்படிவே வரும்? நாலு நாலு எங்க போச்சு? முழுங்கிட்டீரா?"

நான் தாண்டவில்லை, என் நா தாண்டியது, சத்தியமாக நான் எண்ணித் தாண்டவில்லை. எண்ணியிருந்தால் இன்னும் திறமையாகத் தாண்டியிருப்பேன். "நாலு நாலு" என்றேன். "தொண்ணூற்று மூன்று." கை தாழவில்லை. "நாலு அஞ்சு?" தொண்ணூற்று ஐந்து. "மேல படியும்." படித்தேன், ஐந்து மணிவரை, ஒரு வரி விடாமல், அறுபது வரியாக இருக்கும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப, போற்றி வரிசை சொல்வது போல இருந்தது, அதையும் நான் வேண்டவில்லை. முடித்தபோது கை மடிக்குத் திரும்பியிருந்தது. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வெற்றி இல்லை, வெளுத்திருந்தது. "அதுக்கு முந்தி எழுபத்தெட்டா?" என்று மெல்லக் கேட்டார். ஆமென்றேன். "இத்தனை நாளா?" எனக்குத் தெரியாதென்றேன், பிறகு, கையில் கடைசியாக எஞ்சிய கல்லையும் எறிந்துவிடுவோமென்று, "நீர் அவளை எழுப்பிவிடுகிறீர். உறங்கவிடாமல் எழுப்பிவிடுகிறீர். அதுதான் இதன் பொருள்" என்றேன்.

"எழுப்புனாத்தானே மூச்சு வருது?" முகத்தில் இரத்தம் திரும்பிவிட்டது, கூடவே அந்தச் சிரிப்பும். "அப்படின்னா நான் மூணு மணிக்கே ஆரம்பிக்கணும் போலிருக்கே. அதுக்கு முன்னாடி உள்ள பொழுதுக்கு நீரு படியும். உம்ம குரலைக் கேட்டா நேத்துச் செத்தவனே எழுந்து உக்காந்துக்கிடுவான், இவ எழுந்திரிக்க மாட்டாளா?"

அடுக்களை வாயிலில் ஆவுடை நிற்கிறாள், கையில் துருவிய மூடி, தேங்காய்ப்பால் மணிக்கட்டில் வழிகிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "ரெண்டு பேரும் ராத்திரி பூரா பாடுங்க, நல்லாருக்கும்" என்றாள். "நான் எப்ப உறங்க?" என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். விழித்துத்தானே கிடந்தாய் என்று கேட்கக் கேள்வி தொண்டைவரை வந்தது. அவள் கண் ஒரு கணம் என்மேல் பட்டு விலகியது, அந்த ஒரு கணத்தில், கேட்காதீர்கள் என்று இருந்தது. நீங்களும் விழித்துத்தானே கிடந்தீர்கள் என்றும் இருந்ததோ என்னவோ. உள்ளே போய்விட்டாள். மூச்சு வாங்குவது கேட்கிறது. துருவல் தொடர்கிறது.

எண்களைத் தனியே எழுதி வைத்தேன், மருத்துவருக்கு. வடத்தைப் பிடுங்கிக் கருவியைப் பெட்டியில் போட்டேன். போகுமுன் நிரலை மறுபடி ஓடவிட வேண்டும். விடாமல் போகலாம், பதிகத்தின் நடுவில் தவித்துக்கொண்டு நான் திரும்பும்வரை அவர் உட்கார்ந்திருக்கட்டும், அது எனக்கு இனிக்கும், இப்போதும் இனிக்கும், வெறுப்பு எங்கும் போய்விடவில்லை, அதற்குச் சாய்ந்துகொள்ளச் சுவர்தான் இல்லை. கட்டளையை அடித்தேன். முக்காலிமேல் இருந்த பட்டை கலகலத்து எழுந்தது. அவர் அதை மடிக்கு இழுத்து விரல் வைத்தார். தடவினார். முன்னும் பின்னுமாகத் தடவினார். நிறுத்தித் தொடங்கியதில் அவர் விட்ட இடம் போய்விட்டது. காலையெல்லாம் விரலால் காத்திருந்த இடம். அத்தனை ஆயிரம் பாடலில் எங்கே போய்த் தேடுவார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாயிலுக்கு வந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை" என்றார், திரும்பாமல். "நான் எந்த வரியில நின்னேன்னு உமக்குத் தெரியாதுல்லா?"

எனக்குத் தெரியும். காலையில் அவரை நிறுத்தச் சொல்லிக் கூடத்துக்கு வந்தபோது அவர் வாயில் பாதியாய் நின்ற சொல் எதுவென்று தெரியும். அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்த சொற்களும், பின்னால் வரவேண்டிய சொற்களும் தெரியும். இத்தனை ஆண்டுகள் இந்தச் சுவருக்கு அப்பாலிருந்து நான் வெறுத்துக் கேட்டதில் ஒரு சொல்லும் எனக்குத் தவறியதில்லை.

"தெரியாது" என்றேன்.

படியிறங்கினேன். தெருவில் வெயில் ஏறியிருந்தது. உள்ளே விரல்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஓசை, மிக மெல்லிய ஓசை, எனக்கு மட்டும் கேட்கக்கூடியது. மூன்றாவது படியில் நின்று, வாயிலை நோக்கித் திரும்பாமலே, அந்த வரியின் முதற்சொல்லைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.